பத்துப் பனையும் ஒரு திறப்பும்

எனக்கு அந்தக் கண்டறியாத சீட்டு விளையாட்டு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. முந்நூற்று நாலு என்றால் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு விளையாடுவேன். நாலு பேர், இரண்டு சோடி, கையில் எட்டுத் தாள், ஒரு துரும்பு. இது என்ன விளையாட்டு? ஆளுக்கு இரண்டே இரண்டு தாள். மற்ற ஐந்தும் நடுவிலே எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கும். ஒருவருக்கும் சோடி கிடையாது. அவனவன் தன்பாட்டில் பொய் சொல்லலாம். பாரிசிலே வேலை முடிந்து வந்தால் இதைத்தான் விளையாடுவார்களாம். போக்கர்.

"பொய் சொல்லத் தெரிஞ்சால் காணும், சிவா. நல்ல தாள் தேவையே இல்லை" என்றான் வசீகரன்.

அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்த்ததாக எனக்குப் பட்டது. பார்த்தானோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? அவன் வந்து நின்ற அந்த மூன்று நாளும், கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னால்கூட, பனையைப் பற்றித்தான் சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

பனையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளித்து ஒளித்து எனக்கே அலுத்துப்போயிற்று.

வசீகரனும் நானும் புங்குடுதீவு மடத்துவெளி ஆட்கள். தொண்ணூற்றோராம் ஆண்டு தீவை விட்டு ஓடிப்போய், கொக்குவிலில் ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பமும் இருந்தோம். மூன்று வருடத்தில் அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். நான் திரும்பி ஊருக்கே வந்து, தபால்கந்தோர் வேலையோடு ஒட்டிக்கொண்டேன். அவனுடைய காணி என் வீட்டுக்கு அடுத்த வளவு. அதன் படலைப் பூட்டின் திறப்பு இத்தனை வருடமும் என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அந்தக் காணியில் ஒரு கிணறு இருக்கிறது. எங்கள் பக்கம் எங்கே வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். அந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். நாங்கள் குடிப்பது, சமைப்பது, மாடு குடிப்பது எல்லாம் அதில்தான்.

நாலு வருடத்துக்கு முன் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. அந்தக் காணியில் ஒரு பனை விழுந்தது. ஒன்றே ஒன்று. அன்றைக்கு இரவே வசீகரன் பதறிப்போய் வட்ஸ்அப்பில் எடுத்தான்.

"எத்தினை மரம் போச்சு, சிவா?"

"பதினொண்டு" என்றேன்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதைச் சொல்லும்போது மற்றப் பத்தும் நின்றன. ஒரு கோடரி படவில்லை. என் வீட்டுக் கூரையைக் கறையான் தின்று, வளை தொய்ந்து, மழைக்கு ஏழு சட்டி வைத்துக்கொண்டு இருந்தோம். அந்த நேரம் என் வாயிலே பதினொன்று வந்துவிட்டது. அடுத்த கிழமை ஆள் பிடித்துப் பத்தையும் தறித்தேன். அவனுக்குப் படமும் அனுப்பினேன். விழுந்து கிடந்த அந்த ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி நின்று ஆறு படம். என்ன மூளை பாருங்கள்!

அவன் என்ன பதில் எழுதினான் தெரியுமா? "மரம் போனால் போகட்டும். உனக்கும் தங்கச்சிக்கும் ஒண்டும் இல்லைத்தானே?" என் மனிசியை அவன் தங்கச்சி என்றுதான் சொல்வான்.

கேட்டிருந்தால் தந்திருப்பான். பத்தென்ன, இருபதும் தறி என்றிருப்பான். ஆனால் நான் கேட்கமாட்டேன். வெளிநாட்டுக்காரனிடம் கைநீட்டாத ஆள் சிவபாதம் என்று ஊருக்குள்ளே எனக்கு ஒரு பெயர். அந்த மண்ணாங்கட்டிப் பெயரைக் காப்பாற்றப் போய்க் களவெடுத்தேன். இப்போது என் ஓட்டுக்குக் கீழே போகிற வளை, சிலாகை எல்லாம் அந்தப் பத்துப் பனைதான். தறித்த அடிக்கட்டைகளின்மேல் காவோலையைக் குவித்து மூடிவைத்தேன்.

வசீகரன் வந்த முதல் நாள் என் வீட்டு விறாந்தையில் படுத்திருந்தபடி மேலே பார்த்தான்.

"நல்ல வைரமான மரமடா. எங்க எடுத்தனீ?"

"சாவகச்சேரியில" என்றேன்.

குசினிக்குள்ளே என் மனிசி கேதீஸ்வரியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அன்றைக்குப் படுக்கும்போது அவள், "இஞ்சாருங்கோ, சொல்லிப்போடுங்கோ. நல்ல மனிசன் அது. எனக்குச் சோறு போடேக்கை அந்தாளின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கும் அதைத்தான் சொன்னேன்.

காணியைப் பார்க்கப் போனபோது நானும் கூடவே போனேன். ஓலைக் கும்பிப் பக்கம் அவன் கால் வைக்க, "அங்காலை போகாதை, பாம்பு கிடக்கு" என்று மறித்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை விடிய நான் எழும்ப முதல் அவன் ஆணியில் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தான். வந்தவன் ஒரு கதையும் இல்லை. முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. தேத்தண்ணியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டான். கண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். புயலில் விழுந்த மரம் வேரோடு சாயும்; வாள் போட்ட கட்டை மட்டமாக நிற்கும். கண் உள்ளவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திறப்பையும் அவன் ஆணியில் திரும்பத் தொங்கவிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழையும் காற்றும். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் துறையில் வள்ளமெல்லாம் நின்றுபோயிற்று. நெடுந்தீவு வள்ளம் ஓட்டுகிற அமலதாஸ் அண்ணை வேலையில்லாமல் குடையும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்காவற்றுறை ஆள். கல்லுப் போல மனிதர், ஒளித்துக் கதைக்கத் தெரியாது. நேரே வசீகரனிடம் கேட்டார்.

"தம்பி, அந்தக் காணியைப் பத்து வருசத்துக்கு எனக்குத் தாருமன். கோடை வந்தால் சனம் தண்ணிக்கு அலையுது. தண்ணி ஏத்துற பவுசர் ஒண்டு எடுத்து ஓடலாம். நீர் வந்து பாத்தால் அடையாளம் தெரியாது. முதல் வேலையா மெசின் விட்டு வளவைத் துப்பரவாக்கி, அந்த ஓலைக் கும்பியெல்லாம் அள்ளி எரிச்சுப்போடுவன்."

நான் அவருடைய குடையை எடுத்து மூலையில் சாத்தினேன்.

"யோசிப்பம் அண்ணை" என்றான் வசீகரன். "சிவாவும் பாவம், அந்தத் தண்ணியிலதானே இருக்கிறான். ஆனால் வாயாலை கேக்கமாட்டான். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதே?"

பிறகு தன் பையிலிருந்து காட்ஸ் கட்டை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் போக்கர் பழக்கினான். காசுக்கு விளையாடினால் அடுப்பு மூட்டமாட்டேன் என்று கேதீஸ்வரி சொல்லிவிட்டாள். ஆகவே, பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கி வைத்த சோகியைப் பங்கு போட்டோம். ஆளுக்கு ஐம்பது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் மழை விடவில்லை. நாங்களும் விடவில்லை.

அந்த ஒரு கை வந்தது.

என் இரண்டு தாளையும் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். ஜாக், ஜாக். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்நூற்று நாலில் ஜாக்தான் எல்லாத் தாளையும் வெட்டுகிற தாள். ஏஸ் வந்தாலும் கிங் வந்தாலும் ஜாக்குக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கொக்குவில் நாட்களில் அது கையில் ஏறினால் எனக்கு உடம்பெல்லாம் குளிரும். அந்தக் குளிரிலே சோகியை அள்ளி வைத்தேன். அமலண்ணையும் வைத்தார். வசீகரனும் அதே அளவு வைத்து வந்தான்.

நடுவிலே முதல் மூன்று தாள் விழுந்தன. ஒன்பது, நாலு, இரண்டு. அமலண்ணை தாளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். நான் இன்னும் பத்துச் சோகி வைத்தேன். வசீகரன் யோசிக்காமல் வந்தான். நாலாவது தாள் கிங். ஐந்தாவது, கடைசித் தாள், ஏஸ். அந்தக் கடைசித் தாளுக்கு ரிவர் என்று பெயராம். எங்கள் ஏழு தீவிலும் தேடினாலும் ஒரு ஆறு கிடையாது. எங்களுக்கு வந்து சேர்ந்தது இதுதான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இது முந்நூற்று நாலு இல்லை. இங்கே கிங்கும் பெரிசு, ஏஸ் அதைவிடப் பெரிசு. அவன் கையில் அதில் ஒன்று இருந்தாலே நடுத் தாளோடு சோடி சேர்ந்து என் இரண்டு ஜாக்கும் செத்த பிணம். அறுபத்தைந்து சோகி கிடந்த கும்பியைப் பார்த்து எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் பழக்கதோசத்தில் புத்தியைப் பறிகொடுத்தவன் நான்தான்.

வசீகரன் தன்னிடம் இருந்த எல்லாச் சோகியையும் இரண்டு கையாலும் தள்ளினான். பிறகு சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, காணித் திறப்பை எடுத்து, கும்பியின்மேல் வைத்தான்.

"இஞ்சை பார் சிவா. நீ வந்து வெண்டால் திறப்பு பத்து வருசத்துக்கு உன்ர. தண்ணி, விளைவு எல்லாம் உன்ர. வந்து தோத்தால் அமலண்ணைக்கு. நீ விட்டால் ஒண்டும் இல்லை, இருந்தபடி இருக்கும், நான் போகேக்கை யோசிச்சுச் சொல்லுறன். அமலண்ணை, சம்மதமே?"

"எனக்கென்ன, நான் தாளை வைச்ச ஆள். ஓம்" என்றார் அமலண்ணை.

சொல்லிவிட்டு வசீகரன் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவன், மெதுவாக, வலது காதுச் சோணையைத் தொட்டான்.

அந்தத் தொடுகை எனக்குத் தெரியும்.

கொக்குவிலில் நாங்கள் இருவரும் சோடி. மூன்று வருடம் எங்களை ஒருவரும் வெல்லவில்லை. கெட்டித்தனத்தால் இல்லை, எங்களுக்குள்ளே களவுக் குறி இருந்தது. மூக்கைத் தேய்த்தால் துரும்பு ஜாக் என்னிடம். காதுச் சோணையைத் தொட்டால், என்னிடம் ஒன்றும் இல்லை, நீ பிடி. ஊர் முழுவதையும் ஏய்த்தோம். ஆனால் ஒருநாளும், ஒரே ஒரு கையிலும், எங்களுக்குள்ளே ஏய்த்ததில்லை. குண்டு போடுகிற பிளேன் மேலே சுற்றும்போதும் அவன் காதைத் தொட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பி விளையாடுவேன்.

அந்தக் குறியை முப்பது வருடத்துக்குப் பிறகு என் வீட்டில், என் களவெடுத்த கூரைக்குக் கீழே காட்டுகிறான்.

குறி உண்மை என்றால், அவன் கை வெறுங்கை. நான் "வாறன்" என்று ஒரு சொல்லுச் சொன்னால் திறப்பு எனக்கு. பத்து வருடத்துக்கு ஒருவனும் அந்த ஓலைக் கும்பியைக் கிளறமாட்டான். கட்டைகள் உக்கி மண்ணாகிவிடும். நானும் என் பெயரும் தப்பிவிடுவோம்.

குறி பொய் என்றால்? நேற்று விடியப் போனவன் கண்டுவிட்டான் என்றால்? வாயால் கேட்காமல் என்னை இழுத்து விழுத்தப் பார்க்கிறான். நான் வருவேன், அவன் ஏஸைத் திருப்புவான், திறப்பு அமலண்ணைக்குப் போகும், நாளைக்கு மெசின் வரும். பத்து அடிக்கட்டையும் ஊருக்கு முன்னால் மட்டமாக நிற்கும். பொய் சொல்லத் தெரிஞ்சால் காணும் என்று தொடக்கத்திலேயே சொன்னானே!

அவன் முகத்தைப் பார்த்தேன். அதே முகம். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது, மயிர் நரைத்திருந்தது. கண் மட்டும் கொக்குவில் கண். அவன் இன்னொருமுறை காதைத் தொட்டான். இந்த முறை கொஞ்சம் அழுத்தி.

என்னை நானே கேட்டேன்: டேய் சிவபாதம், இவன் உனக்கு எப்போதாவது பொய் சொன்னானா? இல்லை. ஒருமுறை? இல்லை. அப்போ ஏன் பயப்படுகிறாய்? நான் அவனுக்குச் சொன்னேனே, அதனால்தான். ஒரு மரத்தை ஆறு படம் பிடித்து அனுப்பிய கை என்னுடையது. அப்படிப்பட்டவன் மற்றவனின் கையை எப்படி நம்புவான்?

"சோறு சமிபாடாகுறதுக்குள்ள சொல்லும் தம்பி" என்றார் அமலண்ணை.

குசினி வாசலில் கேதீஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். திறப்பைக் கண்டுவிட்டாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் என் முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது போல நின்றாள்.

என் இரண்டு ஜாக்கையும் குப்புறத் தள்ளினேன்.

"நான் விட்டிட்டன்."

பிறகு வசீகரன் தன் தாள்களைத் திருப்பினான். ஏழும் எட்டும். முந்நூற்று நாலில் சதமும் பெறாத தாள்கள், இதிலும் சதமும் பெறாதவை. வெறுங்கை. அவன் சொன்னது உண்மை.

அமலண்ணை பொறுக்கமுடியாமல் என் தாள்களைப் பிடித்துத் திருப்பினார். "விசரோ உமக்கு! ரெண்டு ஜாக்கை வைச்சுக்கொண்டு இந்த ஏழுக்கும் எட்டுக்கும் விட்டிட்டீரே!"

வசீகரன் தாள்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நான் காட்டினதைக் கண்டனீ?"

"கண்டனான்."

"கண்டிட்டும் எடுக்கேல்லை."

அவன் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கிவிட்டது. எழும்பி வந்து என் தோளைப் பிடித்தான்.

"அமலண்ணை, கோவிக்காதேங்கோ. நான் ஒரு களவு செய்தனான். எனக்கு ஒண்டும் இல்லை, நீ எடு எண்டு இவனுக்குக் குறி காட்டினனான். சும்மா தந்தால் வாங்கமாட்டான், விளையாட்டிலையெண்டாலும் எடுக்கட்டும் எண்டு பாத்தனான். உங்களுக்கு முன்னால களவா வெல்ல மனம் வரேல்லை அவனுக்கு. விட்டிட்டான். கண்டியளே? முப்பது வருசமா இவன் ஒரு சதம் என்னட்டக் கேட்டதில்லை."

அமலண்ணை என்னைப் பார்த்த பார்வை மாறிப்போயிற்று. தொப்பி போட்டிருந்தால் கழற்றியிருப்பார். "அப்பிடியெண்டால் தம்பி, காணி அவரிட்டையே இருக்கிறதுதான் நியாயம். எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நான் வேற கிணறு பாக்கிறன்" என்றார்.

வசீகரன் கும்பியின் மேலிருந்த திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"பத்து வருசமில்லை. நீ இருக்குமட்டும் வைச்சிரு. பனையள் காத்தில போனதுக்கு நீ என்ன செய்வாய், பாவம். மழை விட நாலு பனங்கொட்டையைத் தாட்டுவிடு, அது தன்பாட்டில வளரும்."

திறப்பு அவன் பொக்கற்றுச் சூட்டோடு இருந்தது. எனக்குக் கை எரிந்தது. என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒருவனும் பேசியிருக்க முடியாது. நான் விட்டது மனச்சாட்சிக்குப் பயந்து இல்லையே! அவனைக் கள்ளன் என்று நினைத்தேன், அதனால் விட்டேன். அதை அவன் என் நேர்மை என்கிறான், இரண்டு பேருக்கு முன்னால்.

"நேற்று விடியக் காணிக்குப் போனனியெல்லே" என்றேன். "வந்து ஒண்டும் கதைக்கேல்லை."

வசீகரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அதையேன் கேக்கிறாய்? படலை திறந்து ரெண்டு அடி வைக்கேல்லை, உள்ளங்காலில நெருஞ்சி ஏறிப்போட்டுது. செருப்பில்லாமப் போனனான். பாரிசுக்காரனுக்கு நெருஞ்சி குத்திப்போட்டுதெண்டு ஊசி கேக்கவும் வெக்கமாக் கிடந்துது. அப்பிடியே திரும்பி வந்திட்டன். இப்பவும் நோகுது."

கேதீஸ்வரி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லுங்கோ என்று அந்தக் கண் சொன்னது. இதைவிட ஒரு நேரம் வராது. எனக்கும் தெரியும்.

"வசி."

"என்னடா?"

"மேல ஒருக்காப் பார்."

அவன் பார்த்தான். அமலண்ணையும் பார்த்தார். என் தலைக்கு மேலே நீளத்துக்கு அந்த வளை ஓடியது. கறுத்து, வைரம் பாய்ந்து, நரம்பு நரம்பாக. அது அவன் பிறந்த காணியில் கிணற்றுக்கு வடக்கே நின்ற மரம். அவன் சின்ன வயதில் ஏறி விழுந்து கையை முறித்த மரம் அதுதான். இரண்டு சொல் போதும். இது உன்ர. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.

"ஏன்ரா, ஒழுகுதோ?" என்று கேட்டான் வசீகரன்.

அவன் முகத்தில் அவ்வளவு கரிசனை. என் வீடு ஒழுகுகிறதே என்ற கவலை. கையில் திறப்பு கனத்தது. அமலண்ணை இன்னும் அந்த மரியாதையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன். "ஒரு ஓடு விலகியிருக்குப் போல. நாளைக்கு ஏறிப் பாக்கோணும்."

"நானும் ஏணியைப் பிடிக்கிறன்" என்றான் வசீகரன்.

கேதீஸ்வரி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வெறுஞ்சட்டியைக் கொண்டுவந்து, எங்கள் மூன்று பேருக்கும் நடுவிலே, சோகிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பழைய ஏழு சட்டியில் ஒன்று. அந்திவரைக்கும் மழை அடித்து ஊற்றியது. வசீகரன் இடைக்கிடை குனிந்து சட்டியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு துளி விழவில்லை.